மருந்தின் இலக்கும் எதிர்ப்பைத் தரும் மரபணுவும் ஒன்றுதானா?

கேள்வி:
அல்பெண்டசோல் போன்ற பென்சிமிடசோல் வகைப் புழுக்கொல்லி மருந்துகளைத் தாங்கிப் பிழைக்கும் உருண்டைப்புழுக்களில், அம்மருந்துகளின் இலக்கான பீட்டா-டியூபுலின் புரதத்தின் 167, 198, 200 ஆகிய இடங்களுள் ஒன்றில் அமினோ அமிலம் மாறியிருப்பதை மரபணுச் சோதனையால் கண்டறிகிறார்கள். ஐவர்மெக்டின் என்னும் இன்னொரு புழுக்கொல்லியின் இலக்கும் தெரிந்ததே: புழுவின் நரம்பு, தசைச் செல்களில் குளுட்டமேட் என்னும் வேதிப்பொருளால் திறக்கும் குளோரைடு வாயில்கள். அப்படியிருக்க, அம்மருந்துக்கு எழும் எதிர்ப்பை மட்டும் ஏன் இவ்வாறு கண்டறிய முடிவதில்லை?

பதில் 1:
பென்சிமிடசோலை விதியாகக் கொள்ளாதீர்கள். அது ஏறக்குறைய விதிவிலக்கே. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்னும் உருண்டைப்புழுவில் ஐவர்மெக்டினுக்கு வலுவான எதிர்ப்பு தோன்ற, ஏவிஆர்-14, ஏவிஆர்-15, ஜிஎல்சி-1 என்னும் மூன்று வாயில் மரபணுக்களும் ஒருசேரச் செயலிழக்க வேண்டும். ஒன்று கெட்டாலும் மற்றவை மருந்துக்கு இடம்கொடுத்துவிடும். ஆட்டின் இரைப்பையில் இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸில் கதையே வேறு. எதிர்ப்புள்ள புழுக்களையும் இல்லாதவற்றையும் கலப்பினம் செய்து, சந்ததியின் மரபணுத்தொகுதி முழுவதையும் ஒப்பிட்டபோது, ஐந்தாம் குரோமோசோமில் ஒரு பகுதிதான் தனித்துத் தெரிந்தது; அதுவரை ஐயப்பட்ட வாயில் மரபணுக்கள் அதற்குள் இல்லை. பிற மரபணுக்களை இயக்கும் சிகேஒய்-1 என்னும் மரபணுவின் மீது இப்போது ஐயம் குவிந்திருக்கிறது. இலக்கை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

பதில் 2:
இலக்கைத் தொடாமலேயே எதிர்ப்பு உருவாவதற்கு இதைவிடத் தெளிவான சான்று ஆக்சம்னிக்வின் என்னும் மருந்து. அது சிஸ்டோசோமா மான்சோனி என்னும் இரத்தத் தட்டைப்புழுவின் உடலில், அப்புழுவின் சல்ஃபோடிரான்ஸ்ஃபரேஸ் நொதியாலேயே நஞ்சாக மாற்றப்படுகிறது. அந்நொதியின் மரபணுவுக்குப் புழுவில் உள்ள இரண்டு படிகளும் (பிரதிகளும்) பழுதானால் மருந்து உயிர்பெறுவதே இல்லை. ஒரு படி நன்றாக இருந்தாலும் புழு மடியும். ஆறாம் குரோமோசோமில் உள்ள இம்மரபணு 2013இல் அடையாளம் காணப்பட்டது.

கேட்டவர்:
அப்படியானால் எதிர்ப்பைக் கொண்டு இலக்கைத் தேடுவது வீண் முயற்சியா?

பதில் 1:
வீணில்லை. மோனிபான்டல் என்னும் புழுக்கொல்லியின் இலக்கு அப்படித்தான் கிடைத்தது: எதிர்ப்புள்ள, மரபணு மாறிய சீனோராப்டைட்டிஸ் புழுக்களை ஆராய்ந்தபோது அவை ஏசிஆர்-23 என்னும் அசிட்டைல்கோலின் ஏற்பியைச் சுட்டின. ஹீமாங்கஸிலும் அதற்கு நெருங்கிய எம்பிடிஎல்-1 மரபணு பழுதாவதே எதிர்ப்பைத் தருகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. பென்சிமிடசோல் எதிர்ப்பு பெரும்பாலும் ஒடுங்கு பண்பு, அதாவது இரு படிகளும் மாறினால்தான் வெளிப்படுவது, என்பதால், மாறிய படி ஒன்றை மட்டும் சுமக்கும் புழுக்கள் மருந்தில் மடிந்துவிடும். சாணத்தில் முட்டைகளை எண்ணும் சோதனையில் எதிர்ப்பு தென்படுவதற்குள், மாற்றம் கூட்டத்தில் வெகுவாகப் பரவியிருக்கும். எனவே மரபணுச் சோதனையை முட்டை எண்ணிக்கை குறைந்து காட்டும்போதே, சிகிச்சை பலிப்பதாகத் தோன்றும்போதே தொடங்குவது நல்லது.