படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்: அமெரிக்க வலதுசாரிகளின் இரட்டை வேடத்தை எப்படி எதிர்கொண்டீர்கள்?

இழையைத் தொடங்கியவர்

தீபாவளி விருந்தில் அரசியல் பேசினால் நம் வாதம் வழக்கமாக ஒரே கேள்வியில் படுத்துவிடுகிறது: “உங்க ஆளுங்க மட்டும் யோக்கியமா?” பேச்சுக்கு எதிராகப் பேச்சையே வைப்பதுதான் காரணம். பேச்சுக்கு எப்போதும் ஒரு ‘ஆனால்’ உண்டு. ஓட்டுக்கும் தேதிக்கும் கிடையாது. நீங்கள் கேட்ட வாதம், அதற்கு எதிரே வைக்கும் ஆவணம், அதில் வழுக்கும் இடம், இவற்றை எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம்.

என் பங்குக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இறந்தது 2016 பிப்ரவரி 13. மார்ச் 16 அன்று ஒபாமா அந்த இடத்துக்கு மெரிக் கார்லண்டைப் பரிந்துரைத்தார். தேர்தல் ஆண்டு, மக்கள் முடிவு செய்யட்டும் என்று குடியரசுக் கட்சி கையில் இருந்த செனட் விசாரணைகூட நடத்தவில்லை. 2020இல் நீதிபதி கின்ஸ்பர்க் இறந்தது செப்டம்பர் 18. அவர் இடத்துக்கு ஏமி கோனி பாரெட் செனட்டில் 52–48 என்று உறுதியானது அக்டோபர் 26, தேர்தலுக்கு 8 நாள் முன்பு. “2016இல் அதிபர் ஒரு கட்சி, செனட் வேறு கட்சி” என்று பதில் வரும். அப்போது குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்சே கிரகாமை நினைவூட்டுங்கள். தேர்தல் ஆண்டில் நிரப்பக் கூடாது என்ற விதியை 2016இல் அவர் சொன்னதே குடியரசுக் கட்சி அதிபரை வைத்துத்தான். அப்படி நடந்தால் என் சொல்லையே எனக்கு எதிராகப் பயன்படுத்துங்கள் என்றார். அந்த வீடியோவை வெட்டாமல் முழுதாகக் காட்டுங்கள்.

கொலம்பஸ், ஒஹாயோ

மாநில அரசியலில் இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. 2022 ஆகஸ்ட் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 8 சதவீதம். செலவு வீண், யாரும் வருவதில்லை என்று சொல்லி, பெரும்பாலான ஆகஸ்ட் சிறப்புத் தேர்தல்களை நிறுத்தக் குடியரசுக் கட்சியினர் ஹவுஸ் பில் 458 என்ற மசோதாவைக் கொண்டுவந்தார்கள். மாநிலச் செயலர் ஃபிராங்க் லரோஸ் அதை ஆதரித்தார். 2023 ஜனவரியில் ஆளுநர் கையெழுத்திட்டார்.

நாலே மாதம். மே மாதத்தில் அதே சட்டமன்றம் ஆகஸ்ட் 8க்கு ஒரு வாக்கெடுப்பை வைத்தது. அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேற 50 சதவீதத்துக்கு மேல் போதும் என்ற 1912 முதலான விதியை 60 ஆக்க வேண்டும். கையெழுத்து 44 கவுண்டிக்குப் பதில் 88 கவுண்டியிலும் திரட்ட வேண்டும். குறைந்த கையெழுத்தைச் சரிசெய்ய இருந்த 10 நாள் அவகாசமும் போக வேண்டும். நவம்பரில் கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் வர இருந்தது. அதைத் தடுக்கத்தான் இது என்று லரோஸே ஒரு கட்சி விருந்தில் சொன்னது வீடியோவாக வெளிவந்தது.

இதில் ருசியான விஷயம் ஒன்று: 60 வேண்டும் என்ற அந்தத் திருத்தம் நிறைவேற 50ஐத் தாண்டினால் போதும்! கடைசியில் 57–43 என்று தோற்றது. நவம்பரில் கருக்கலைப்பு உரிமை ஏறத்தாழ 57 சதவீதத்தில் ஜெயித்தது. 60 விதி இருந்திருந்தால் தோற்றிருக்கும்.

வழுக்கும் இடம் இரண்டு. “சட்டவிரோதத் தேர்தல்” என்று சொல்லிவிடாதீர்கள். மாநில உச்ச நீதிமன்றம் 4–3 என்று அனுமதித்தது. சட்டமன்றம் தன் தீர்மானத்தின் மூலம் சிறப்புத் தேர்தல் தேதி குறிக்கலாம் என்று அரசியலமைப்பே சொல்வதால், 458 அதைத் தடுக்கவில்லை. நம் வாதம் சட்டம் பற்றியதல்ல. ஜனவரியில் சொன்ன காரணம் மே மாதம் எங்கே போனது என்பதே. இன்னொன்று, இரண்டு வாக்கெடுப்புக்கும் பெயர் ‘இஷ்யூ 1’. ஆகஸ்டில் கருக்கலைப்பு உரிமைக்காரர்கள் ‘வேண்டாம்’ கேட்டார்கள், நவம்பரில் ‘வேண்டும்’. மாதத்தைச் சொல்லாமல் விட்டால் நீங்களே குழம்புவீர்கள்.

தாம்பா

கொலம்பஸ் அண்ணா சொன்ன 60க்கு எங்கள் ஊர் ஒட்டு: ஃப்ளோரிடாவில் அந்த விதி 2006இல் வந்தது. வாங்கிய ஓட்டு சுமார் 57.8 சதவீதம். தன் விதிப்படியே தோற்றிருக்க வேண்டிய விதி. 2024இல் கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் 57 வாங்கியும் விழுந்தது.

டாலஸ்

இங்கே கேட்கும் வாதம்: “வாஷிங்டன் எங்களுக்கு உத்தரவு போடக் கூடாது, மக்களுக்கு நெருங்கிய அரசே நல்ல அரசு.” அப்படியானால் நகராட்சிதானே இன்னும் நெருக்கம்? டென்டன் நகர மக்கள் 2014 நவம்பரில் தங்கள் எல்லைக்குள் ஃப்ராக்கிங் (பாறையைப் பிளந்து எண்ணெய், எரிவாயு எடுப்பது) வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். 2015 மே மாதம் ஹவுஸ் பில் 40 என்ற மாநிலச் சட்டம் வந்து அதை முடித்துவைத்தது.

2023இல் ஹவுஸ் பில் 2127. தொழிலாளர், வணிகம், காப்பீடு, சொத்து என்று பல துறைகளில் மாநிலச் சட்டத்தைத் தாண்டி நகரங்கள் விதி போடக் கூடாது. எதிர்ப்பாளர்கள் இதை ‘டெத் ஸ்டார்’ (ஸ்டார் வார்ஸ் படத்தில் கிரகத்தையே அழிக்கும் ஆயுதம்) என்றார்கள். ஆஸ்டினிலும் டாலஸிலும் கட்டடத் தொழிலாளர்களுக்கு 4 மணி நேரத்துக்கு 10 நிமிடம் ஓய்வு என்ற விதி இருந்தது. அதுவும் இந்த வலையில் சிக்கும் என்று பேசப்பட்டது அந்த ஆண்டின் கொடும் வெயிலில். “ஊருக்கு ஒரு விதி இருந்தால் சிறு வியாபாரி எப்படிப் பிழைப்பார்” என்பது அவர்கள் பதில். நியாயமான கவலைதான். ஆனால் மாநிலத்துக்கு ஒரு விதி இருக்கும்போதும் அதே கவலை வர வேண்டுமே.

பர்மிங்காம், அலபாமா

எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டுப் பந்தியில் முதல் ஆளாக உட்காருவது. 2021 உள்கட்டமைப்புச் சட்டம், சுமார் 1.2 ட்ரில்லியன் டாலர். எங்கள் செனட்டர் டாமி டூபர்வில் எதிர்த்தார். 2023இல் அலபாமாவுக்கு பிராட்பேண்ட் போட 1.4 பில்லியன் அறிவிக்கப்பட்டதும் வரவேற்றுப் பதிவு போட்டார்.

உங்கள் உறுப்பினரைச் சரிபார்க்கும்போது பலர் தடுக்கி விழும் இடம்: அந்த மசோதாவுக்குப் பிரதிநிதிகள் சபையில் இரண்டு வாக்கெடுப்பு உண்டு. 2021 ஜூலை 1இல் 221–201 என்று போனது வேறு உள்ளடக்கம். செனட் அதை மாற்றி எழுதி 69–30 என்று அனுப்பியது. சட்டமானது நவம்பர் 5 வாக்கெடுப்பு, 228–206. அதைத்தான் எடுக்க வேண்டும். குடியரசுக் கட்சியினர் 13 பேர் ஆதரித்தார்கள், ஜனநாயகக் கட்சியினர் 6 பேர் எதிர்த்தார்கள். அந்த 13 பேரில் ஒருவரைத் திட்டிவிட்டால் அன்றைய வாதம் அத்தோடு சரி.

எடிசன், நியூ ஜெர்சி

கடன் பற்றிச் சுருக்கமாக. டிரம்பின் முதல் ஆட்சியில் கடன் வரம்பு (மத்திய அரசு வாங்கக்கூடிய கடனுக்குச் சட்டம் வைக்கும் உச்சம்) 2017, 2018, 2019 என்று மூன்று முறை நிறுத்திவைக்கப்பட்டது, பெரிய சண்டை இல்லை. 2011இலும் 2023இலும் ஜனநாயகக் கட்சி அதிபர் இருந்தபோது நாடே விளிம்புக்குப் போனது. 2025 ஜூலை வரிச் சட்டம் வரம்பை ஒரே மூச்சில் 5 ட்ரில்லியன் உயர்த்தியது. வழக்கமான கணக்கில் பத்தாண்டுப் பற்றாக்குறை 3.4 ட்ரில்லியன் கூடும் என்றது நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம். செனட் ‘நடப்புக் கொள்கை’ அடிப்படையை எடுத்தது. அதாவது முடியவிருந்த வரிக்குறைப்பு ஏற்கெனவே நிரந்தரம் என்று வைத்துக்கொண்டால், நீட்டிப்பதற்குச் செலவே இல்லை. யாராவது வேறு எண் சொன்னால், எந்த அடிப்படை என்று முதலில் கேளுங்கள்.

சிகாகோ

ஒரு குறுக்கீடு, கோபிக்க வேண்டாம். தொகுதி எல்லையைத் தன் கட்சிக்குச் சாதகமாக வளைப்பதை இந்தப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் இல்லினாய் வரைபடத்தைப் பாருங்கள், மேரிலாந்தின் 2011 வரைபடத்தையும். இரண்டும் நம்மவர், அதாவது ஜனநாயகக் கட்சியினர், வரைந்தவை. டெக்ஸஸ் 2025இல் குடியரசுக் கட்சிக்காக எல்லையை மாற்றி வரைந்ததற்குக் கலிஃபோர்னியா மக்களிடம் ஓட்டுக் கேட்டுப் பதிலடி கொடுத்தது வேறு விதம்தான், ஆனாலும் அது வளைத்தல்தான்.

ஒஹாயோவிலும் அப்படியே. அரசியலமைப்பை மாற்ற 60 வேண்டும் என்பது ஒருவர் நேர்மையாகக் கொள்ளக்கூடிய கருத்து. அதை இரட்டை வேடம் என்று சொல்லாதீர்கள். ஆகஸ்ட் தேதியை மட்டும் சொல்லுங்கள்.

தொடங்கியவர்

சிகாகோ சொன்னதை ஏற்கிறேன், தலைப்பில் எல்லை வளைத்தலைச் சேர்க்கவில்லை. இன்னொன்று: உறுப்பினர் பதவி விலகினால் அவருடைய அலுவலகப் பக்கத்தின் அறிக்கைகள் மறைந்துவிடும். சுட்டியை மட்டும் நம்பாமல், தேதி தெரியும்படி அன்றே பிரதி எடுத்து வையுங்கள்.