“நான் பொறக்கும்போதே கெட்டவளாம்மா?” ஏழு வயது மகளுக்கு என்ன பதில் சொல்வது?

கல்மண்டபத்து அம்மா (கேள்வி)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் குடியிருக்கிறேன். சின்ன வயதிலிருந்து சபையில் வளர்ந்தவள்தான். ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு கேள்வி மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

என் மகள் சண்டே கிளாஸ் முடிந்து வந்து, சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீன் வறுவல் என்றால் என் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்கிறவள். என்னவென்று கேட்டதற்கு, “நான் பொறக்கும்போதே கெட்டவளாம்மா?” என்றாள். கிளாஸில் கறுப்புத் தாளை இதய வடிவில் வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்து, இதுதான் உன் இதயம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தாளை நாலாக மடித்து ஃபிராக் பாக்கெட்டில் வைத்திருந்தாள். வியர்வையில் கறுப்புச் சாயம் துணியில் இறங்கியிருந்தது.

“இல்லடா கண்ணு” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே குழப்பம். சங்கீதம் 51 எனக்கு மனப்பாடம். “என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்” என்று எத்தனையோ முறை வாயால் சொல்லியிருக்கிறேன். இவளைச் சுமந்த தாயாக அந்த வரியைக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அடுத்து அவள் கேட்டது, “அப்போ மாமா?”

மாமா என்றால் என் தம்பி. 31 வயது. பிறந்தபோது மூச்சு முட்டி மூளை பாதித்துவிட்டது. பேச்சு வராது, எண்ணத் தெரியாது. ஜெபம் செய்யும்போது எல்லோரும் கண்ணை மூடினால் அவனும் மூடுவான், அவ்வளவுதான். அவனும் பாவியா? அவனை எதற்காக தேவன் படைத்தார்? எங்கள் அம்மா சாகிறவரை “நான் என்ன பாவம் பண்ணேன்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகத்துக்கு நேராகவே அப்படிச் சொன்ன சொந்தக்காரர்களும் உண்டு.

பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, அதே சமயம் வேதத்தை மழுப்பாமல், மனிதன் என்றால் யார், எதற்காக இருக்கிறான் என்று எப்படிச் சொல்வது? படித்தவர்கள், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தண்டையார்பேட்டை விசுவாசி

சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் டீச்சர் சொன்னதில் தப்பு இல்லை. “எல்லாரும் பாவஞ்செய்து, தேவமகிமையற்றவர்களாகி” என்று ரோமர் 3:23 சொல்கிறது. எல்லாரும் என்றால் எல்லாரும்தான். நோயை மறைத்துவிட்டு மருந்து கொடுக்க முடியாது. நான் பதினாறு வருடம் குடியில் கிடந்தவன். ‘நீ நல்லவன்தான், சகவாசம்தான் சரியில்லை’ என்று ஆறுதல் சொன்னவர்களால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ‘நீ பாவி, உனக்காக ஒருவர் மரித்தார்’ என்று சொன்னவரால்தான் இன்று என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பாப்பாவுக்கு ஜெபிக்கிறேன்.

---

பழைய ஃபிட்டர், பெரம்பூர்

அம்மா, மேலே தம்பி சொன்னது உண்மை. அவருடைய வாழ்க்கையே அதற்குச் சாட்சி. ஆனால் 40 வயது மனிதனைத் தூக்கி நிறுத்திய வார்த்தையை 7 வயதுப் பிள்ளையிடம் முதல் வார்த்தையாகச் சொல்லலாமா என்பதுதான் இங்கே விஷயம்.

பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் 38 வருடம் வேலை பார்த்தேன். ஓடிக் களைத்த ரயில் பெட்டிகள் பிஓஹெச் என்கிற முழுப் பராமரிப்புக்கு எங்களிடம்தான் வரும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடியில் போய்ப் பார்த்தால் கழிவறைக்குக் கீழேயும் கதவோரத்திலும் தண்ணீர் நின்று நின்று சோல் பார் (பெட்டியின் அடியில் ஓரமாக நீளத்துக்கும் ஓடுகிற இரும்புச் சட்டம்) அரித்துப் போயிருக்கும். கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகவேண்டும். நல்ல தகடு கணீர் என்று பேசும். அரித்த தகடு பொத்தென்று சத்தம் கொடுக்கும். சில இடத்தில் சுத்தியல் உள்ளேயே போய்விடும்.

அப்படித் தட்டிக்கொண்டு இருந்த ஒரு நாள்தான் எனக்கு இது புரிந்தது. துரு என்று தனியாக ஒரு பொருளை யாரும் செய்து அங்கே ஒட்டவில்லை. துரு இல்லாமல் இரும்பு இருக்கும். இரும்பு இல்லாமல் துரு இருக்கவே முடியாது. பிற்பாடு சபை ஐயர் (போதகர்) ஒருவர் கொடுத்த புத்தகத்தில், 430ல் இறந்த ஹிப்போ நகரத்து ஆயர் அகஸ்டின் இதையே சொல்லியிருப்பதைப் படித்தேன். தீமைக்கென்று சொந்தமாக ஒரு இருப்பு கிடையாது, நன்மை குறைந்துபோன இடத்துக்குத்தான் தீமை என்று பெயர் என்கிறார். இத்தனைக்கும் ஜென்ம பாவத்தைப் பற்றி அவரைவிடக் கடுமையாக எழுதியவர்கள் குறைவு. பால்குடிக் குழந்தை, பக்கத்தில் இன்னொரு குழந்தை பால் குடிப்பதைப் பார்த்து முகம் வெளுத்து முறைத்ததைக்கூடக் கவனித்து எழுதியவர் அவர்.

ஆகவே வரிசை முக்கியம் அம்மா. வேதம், மனிதன் பாவத்தில் விழுகிற ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் தொடங்கவில்லை. முதலாம் அதிகாரத்தில் “நமது சாயலாகவும் நமது ரூபத்தின்படியேயும் மனுஷனை உண்டாக்குவோமாக” என்று வருகிறது. அந்த அதிகாரம் முடியும்போது தேவன் உண்டாக்கிய எல்லாமே “மிகவும் நன்றாயிருந்தது” என்று இருக்கிறது. அந்தக் கறுப்புத் தாளைக் கொடுத்தவர் இரண்டு அதிகாரத்தைத் தாண்டிவிட்டார்.

சரி, ஏதேன் தோட்டத்தோடு அந்தச் சாயல் போய்விட்டதா என்றால், இல்லை. ஜலப்பிரளயத்துக்குப் பிறகும் மனிதனுடைய இரத்தத்தைச் சிந்தக்கூடாது என்பதற்கு ஆதியாகமம் 9:6 சொல்லும் காரணம் தேவசாயல்தான். யாக்கோபு 3:9 இன்னும் நம் வீட்டுக்கே வருகிறது. அதே நாவால் பிதாவைத் துதிக்கிறோம், அதே நாவால் தேவ சாயலில் உண்டான மனுஷரைச் சபிக்கிறோம் என்கிறார். எந்த மனுஷரை? பரிசுத்தவான்களை மட்டும் இல்லை. தெருக்குழாயில் நம்மோடு சண்டை போடுகிறவர்களையும்தான்.

அதே சமயம் தண்டையார்பேட்டைத் தம்பி பயப்படுவதிலும் நியாயம் உண்டு. எந்தப் பெட்டியும் தன் துருவைத் தானே வெட்டி எடுத்துத் தானே புதுத் தகடு வைத்து வெல்டு அடித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. அகஸ்டின் காலத்தில் பெலாஜியஸ் என்று ஒரு துறவி இருந்தார். மனிதன் மனம் வைத்தால் தன் முயற்சியாலேயே பாவமில்லாமல் வாழலாம் என்று போதித்தார். 418ல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அதை மறுத்தார்கள். மறுத்தது நல்லது. என்னால் முடியும், முடியும் என்று நானும் 25 வருடம் கோபத்தோடு மல்லுக்கட்டித் தோற்றவன். நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்கிறேன் என்று ரோமர் 7ல் பவுல் புலம்புகிறாரே, அதை நான் என் மனைவிக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக சங்கீதம் 51. அது யார் வாயில் வந்தது என்று பாருங்கள். தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் சாகடித்த தாவீது ராஜா, தன் நெஞ்சில் தானே அடித்துக்கொண்டு அழுகிறான். தன்னைப் பற்றித் தான் சொல்கிறான். தன் அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. தொட்டிலில் கிடக்கிற இன்னொருத்தி பிள்ளையையும் காட்டிச் சொல்லவில்லை. அது நானே முழங்காலில் நின்று எனக்காகச் சொல்லவேண்டிய வசனம். அடுத்தவர் மேல் எறிகிற கல் இல்லை.

பாப்பாவிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “கூடாதுன்னு தெரிஞ்சும் என்னைக்காவது ஒண்ணு பண்ணியிருக்கியா?” அவளே சொல்வாள். அது எல்லோருக்குள்ளும் இருக்கிறது, அம்மாவுக்குள்ளும் இருக்கிறது, அதைச் சரி பண்ணத்தான் இயேசு வந்தார் என்று சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால், நீ யாருடைய சாயல் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

---

கல்மண்டபத்து அம்மா

ஐயா, இரண்டு தடவை படித்தேன். சங்கீதம் 51 பற்றி நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்படியில் போய் நின்றுவிட்டேன். இதை எங்கள் அம்மா கேட்டிருக்கவேண்டும்.

தம்பியைப் பற்றி யாராவது சொல்லுங்கள். சாயல் என்றால் என்ன? புத்தியா, பேச்சா, நல்லது கெட்டது தெரிவதா? அதெல்லாம் இல்லாத ஒருவனிடம் அந்தச் சாயல் எங்கே இருக்கிறது?

---

காசிமேடு மறைக்கல்வி டீச்சர்

அக்கா, நான் கத்தோலிக்கப் பெண். 19 வருடமாக ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். முதல் நற்கருணைக்குத் தயாராகும் பிள்ளைகள் உங்கள் மகள் வயதுதான், இதே கேள்வியைக் கேட்பார்கள்.

ஜென்மப் பாவத்தைப் பற்றி எங்கள் திருச்சபை தெளிவாகவே சொல்கிறது. 1992ல் வந்த மறைக்கல்வி நூலில் 404, 405ஆம் எண்களைப் பார்த்தால், அது நாம் செய்த பாவம் இல்லை, நமக்கு வந்து சேர்ந்த நிலை. ஆதாமின் வழிவந்த யாருக்கும் அது சொந்தக் குற்றமாகாது என்று இருக்கிறது. நம் இயல்பு காயப்பட்டிருக்கிறது, முழுக்கக் கெட்டுப்போகவில்லை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள், நாம் ஆதாமிடமிருந்து வாங்கிக்கொண்டது குற்றத்தை அல்ல, சாவையும் பலவீனத்தையும்தான் என்று சொல்லும். சீர்திருத்த சபைகளில் இதைவிட அழுத்தமாகச் சொல்வார்கள். இதில் சபைக்குச் சபை வேறுபாடு உண்டு, அதை மறைக்கவேண்டாம். ஆனால் குழந்தையைக் கெட்டபொருளாகப் படைத்தார் என்று இந்த மூன்று பக்கத்திலும் யாரும் சொல்வதில்லை.

சாயல் என்பது புத்திதான் என்று பெரிய பெரிய இறையியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள், உண்மைதான். எனக்கு அது போதவில்லை. என் அம்மா கடைசி மூன்று வருடம் மறதி நோயில் என் பெயரையே மறந்துவிட்டார். சாயல் புத்தியில் இருந்தால் அந்த மூன்று வருடம் அது எங்கே போனது? தொடக்கநூல் (நீங்கள் ஆதியாகமம் என்பீர்கள்) அதை மனிதன் சம்பாதித்த திறமையாகச் சொல்லவில்லை. கடவுள் உண்டாக்குவோம் என்றார், உண்டாக்கினார், அவ்வளவுதான். அவர் கொடுத்தது. நம்மால் வந்ததில்லை என்பதால் நம்மை விட்டுப் போவதுமில்லை.

உங்கள் அம்மாவுக்கு யோவான் 9ஆம் அதிகாரம். பிறவியிலேயே பார்வையில்லாதவரைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்று இயேசு சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அன்றைக்கே வந்துவிட்டது.

எதற்காகப் படைத்தார் என்று கேட்டீர்கள். உங்கள் புராட்டஸ்டன்ட் பக்கத்துச் சபைகளிலேயே 1647ல் லண்டனில் எழுதி முடித்த ஒரு சிறிய வினாவிடை உண்டு. அதன் முதல் கேள்வியே இதுதான்: மனிதனுடைய முதன்மையான நோக்கம் என்ன? கடவுளை மகிமைப்படுத்துவதும், என்றென்றைக்கும் அவரில் மகிழ்ந்திருப்பதும் என்பது பதில். சம்பாதிப்பது, சாதிப்பது, கணக்குக் காட்டுவது எதுவுமே அதில் இல்லை. மகிழ்ந்திருப்பது இருக்கிறது. இது உங்கள் தம்பிக்கு எட்டாத நோக்கமா என்று யோசித்துப் பாருங்கள். அவர் ஒரு நாளில் என்னென்ன செய்வார் என்று எழுதுங்களேன்.

அப்புறம் ஒன்று. ராயப்பர் என்கிற பேதுருவின் பெயரில்தான் நம் ராயபுரம் என்று கேட்டு வளர்ந்தோம். மூன்று தடவை ‘அவரைத் தெரியாது’ என்று சொன்ன ஆள் அவர். யோவான் 21ல், உயிர்த்த இயேசு கரையில் கரிநெருப்பில் மீன் சுட்டுவைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டு, ‘ஏன் அப்படிச் செய்தாய்’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘என்மேல் அன்பாயிருக்கிறாயா’ என்று மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் ஆடுகளை அவர் கையில் கொடுத்தார். மீன் வாசனையில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். கறுப்புத் தாள் தேவைப்படாது.

---

போர்டு பெயின்டர், பழைய வண்ணாரப்பேட்டை

நான் படம் வரைகிறவன், அதனால் ஒன்று மட்டும். நாலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஆயராக இருந்த அத்தனாசியு ஒரு உவமை சொல்கிறார். பலகையில் வரைந்த ஒருவருடைய படம் அழுக்குப் பட்டு அழிந்துபோனால், அந்தப் பலகையைத் தூக்கி எறிவதில்லை. படத்துக்கு உரியவரே மறுபடி வந்து உட்காரவேண்டும், அதே பலகையில் அவரைப் பார்த்துத் திரும்ப வரையவேண்டும். பிதாவின் சாயலான குமாரன் அதற்காகத்தான் வந்தார் என்கிறார். தொழில் செய்கிறவனுக்கு இது நன்றாகவே விளங்கும். அதே பலகை என்பதுதான் எனக்கு முக்கியம்.

---

கல்மண்டபத்து அம்மா

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் கேட்டதால் எழுதுகிறேன்.

தம்பி காலையில் வாசற்படியில் உட்காருவான். மதியம் தூங்குவான். சாயங்காலம் நாலரை மணிக்கு மீன்காரம்மா தெருமுனையில் குரல் கொடுத்ததும் எழுந்துவிடுவான். அவர் தலையில் அலுமினிய அன்னக்கூடை, ஐஸும் மீனுமாக நல்ல கனம் இருக்கும். தம்பி எதிரே போய் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இறக்கி வைப்பான். சும்மாடு கீழே விழுந்தால் எடுத்து, மண்ணைத் தட்டி, மறுபடி சுருட்டி அவர் கையில் கொடுப்பான். யாரும் கற்றுக் கொடுத்ததில்லை. பத்து வருடமாக நடக்கிறது. மீன்காரம்மாவுக்குக் கழுத்து வலி. “எந்தத் தெருவுலயும் இறக்கிவிட ஆள் இல்ல, உன் தம்பிதான் எனக்கு” என்பார். இத்தனை வருடமும் நான் கத்தியைத் தீட்டிக்கொண்டு, விலை பேசிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நேற்று இரவு மகளை மடியில் போட்டுக்கொண்டு ஆதியாகமம் முதலாம் அதிகாரம் முழுக்க வாசித்தேன். பிறகு ஐயா சொன்ன மாதிரியே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பக்கத்து பெஞ்சு பிள்ளையின் ரப்பரை எடுத்துவிட்டு எடுக்கவில்லை என்று சொன்னதைச் சொன்னாள். அழுதாள். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கிறேன் என்றாள். “மாமாவும் சாயல்தானே?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இந்த முறை சொன்ன பிறகு எனக்குக் குழப்பம் வரவில்லை.

சண்டே கிளாஸ் எடுக்கும் பெண்ணுக்கு 19 வயதுதான். நல்ல பிள்ளை, மேலே சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்லியிருக்கிறாள். அவளிடம் கோபமாகப் போகவில்லை. வருகிற ஞாயிறு சேர்ந்து உட்கார்ந்து பேசப்போகிறோம். சிறு பிள்ளைகளுக்கு ஆதியாகமம் 1, யோவான் 21 சொல்லித்தர நல்ல பெரிய படங்கள் வேண்டும். பெயின்டர் அண்ணா, நீங்கள் வரைந்து கொடுப்பீர்களா? சார்ட் பேப்பரும் கலரும் நாங்கள் வாங்கித் தருகிறோம்.