புதுப்பிப்பு: கேரவனில் ஆறு மாதம்

வீட்டைக் காலி செய்துவிட்டு முழுநேரமும் கேரவனிலேயே தங்கி எழுதப்போகிறேன், புத்தகங்களை என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். ஆறு மாதம் ஆகிவிட்டது, சொல்கிறேன்.

புத்தகங்களைப் பிரிந்ததுதான் பெரிய வலி. வண்டி தாங்கும் எடைக்கு வரம்பு உண்டு. 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. பெட்டி பெட்டியாகக் கொடுத்துவிட்டு 40 புத்தகங்களை மட்டும் வைத்துக்கொண்டேன். அவற்றையும் ஜன்னலோரச் சுவரை ஒட்டி அடுக்கியது என் தவறு. இரவில் நம் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் துளித்துளியாகப் படிகிறது. அப்பாவின் பழைய அகராதியில் அடிப்பக்கம் பூஞ்சை பிடித்து, தாள்கள் அலை அலையாக நெளிந்துவிட்டன. அன்று அழுதேவிட்டேன். இப்போது சுவருக்கும் புத்தகத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுகிறேன். கூரைத் திறப்பைக் குளிரிலும் கொஞ்சம் திறந்தே வைக்கிறேன்.

மின்சாரம் போதாது என்று பலர் பயந்தீர்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் சுமார் 1,200 வாட்-மணி இருக்கும். என் மடிக்கணினி 50 வாட் இழுக்கும். எட்டு மணி நேரம் எழுதினாலும் பாதிகூடத் தீராது.

அப்புறம், எழுத்து. படுக்கையை மடித்தால்தான் மேசை வரும். அதனால் எழுந்ததுமே மடித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். வீட்டில் இரண்டு வருடமாக நகராத நாவலில் மூன்றாம் அத்தியாயம் நேற்று முடிந்தது.