மூத்த ப்ரோ-லைஃப் தொண்டர்களைச் சந்திக்கப் போகிறேன், உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் கருக்கலைப்பை எதிர்த்து, கருவிலுள்ள குழந்தைகளுக்காகப் போராடிய ப்ரோ-லைஃப் இயக்கத்தின் முதல் தலைமுறையினரை நேரில் பார்த்து, அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இனியும் தள்ளிப்போட முடியாது. 1974 ஜனவரி 22 அன்று வாஷிங்டனில் நடந்த முதல் 'மார்ச் ஃபார் லைஃப்' பேரணிக்கு (கருக்கலைப்புக்கு எதிராக ஒவ்வொரு ஜனவரியும் நடப்பது) இருபது வயதில் வந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பேரணியைத் தொடங்கிய நெல்லி கிரே 2012-இல் காலமானார். சிகாகோவின் ப்ரோ-லைஃப் தலைவர் ஜோ ஷைட்லரும் 2021-இல் போய்விட்டார். கருக்கலைப்பு மருத்துவமனைகளுக்கு எதிராக நடத்திய போராட்டங்களுக்காக அவர்மீது 1986-இல் போடப்பட்ட வழக்கு மூன்று முறை உச்ச நீதிமன்றம் வரை போய் 2006-இல்தான் முடிந்தது. அந்த இருபது வருடமும் அவரோடு நின்றவர்களிடம் கேட்க நிறைய இருக்கிறது.

தலைவர்களைவிட, பேரணிக்குப் பேருந்து ஏற்பாடு செய்தவர்கள், காங்கிரஸ் உறுப்பினர்களின் அலுவலகங்களில் சிவப்பு ரோஜா கொண்டுபோய்க் கொடுத்தவர்கள், கர்ப்பிணிகளுக்கான உதவி மையங்களில் குழந்தைத் துணி மடித்து வைத்தவர்கள்தான் எனக்கு முக்கியம்.

சிகாகோவில் கிளம்பி, இப்படிப்பட்ட உதவி மையங்களை இணைக்கும் ஹார்ட்பீட் இன்டர்நேஷனல் அமைப்பு இருக்கும் ஒஹாயோவின் கொலம்பஸ் வழியாக, ஜனவரிப் பேரணிக்குள் காரில் வாஷிங்டன் சேர வேண்டும். பனியில் பென்சில்வேனியா மலைப்பாதையில் ஓட்டியவர்கள் வழி சொல்லுங்கள். உங்கள் தேவாலயப் பங்கில் இப்படி ஒரு பெரியவர் இருந்தால், முதலில் அவரிடம் சம்மதம் கேட்டுவிட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். தொலைபேசி எண்ணைப் பொதுவில் போட வேண்டாம். கொலம்பஸில் ஓரிரு இரவு தங்க இடம் கிடைத்தால் பெரிய உதவி. அப்புறம், மெல்லிய குரலில் பேசும் முதியவர்களைப் பதிவு செய்ய எந்த மாதிரி மைக் வாங்கலாம்?