ரீபோர் செய்த வேன் இன்ஜினுக்கு முதல் ஆயில் எது? அனுபவப் பகிர்வு

முதல் பதிவு

ஒரே வேன் இன்ஜினை எட்டு மாத இடைவெளியில் இரண்டு முறை பிரித்துக் கட்டியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இரண்டாம் முறை பிரிக்க நேர்ந்ததற்கு லேத் வேலையிலோ வாங்கிய பாகங்களிலோ எந்தக் குறையும் இல்லை. கட்டி முடித்த இன்ஜினில் முதலில் எந்த ஆயிலை ஊற்றினேன், ஊற்றிய பின் அதை எப்படி நடத்தினேன் என்பதில்தான் தவறு இருந்தது.

என்னுடையது முன் இருக்கைக்கு அடியில் இன்ஜின் வைத்த, நான்கு சிலிண்டர் பெட்ரோல் வேன். ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைச் சற்றே அகலமாகக் கடைந்து), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனும், பிஸ்டனைச் சுற்றி அமர்ந்து கசிவைத் தடுக்கும் புது ரிங்கும் போட்டு, பேரிங்குகளையும் மாற்றிய பிறகு, இவ்வளவு செலவு செய்த இன்ஜினுக்கு இருப்பதிலேயே உயர்ந்த ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும் என்று எண்ணி, எரிபொருள் சேமிப்புக் குறி போட்ட 5டபிள்யூ-30 தடிமனுள்ள ஃபுல் சிந்தெடிக் ஆயிலை வாங்கினேன். அதன் பின், புது இன்ஜினைப் பதமாக நடத்த வேண்டும் என்ற அக்கறையில், முதல் நாள் ஒரு மணி நேரமும் அடுத்தடுத்த நாட்களில் பத்துப் பத்து நிமிடமும் வண்டியை நகர்த்தாமலே ஐடிலிங்கில் ஓட விட்டேன். சாலைக்கு எடுத்த பிறகும் முதல் 500 கி.மீ. வரை ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும்தான் ஓட்டினேன்.

1,500 கி.மீ. ஆனபோது ஏறக்குறைய 600 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் குறைந்துகொண்டிருந்தது. சரிவில் இறங்கி, மீண்டும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை வந்தது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) அளந்தபோது நான்கு சிலிண்டரிலும் குறைவாகவே காட்டியது. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தபோது அளவு சட்டென்று ஏறியது. வால்வில் கசிவு இருந்தால் இப்படி ஏறாது. கசிவு ரிங்கில்தான் என்பதற்கு இது தெளிவான அறிகுறி. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, சுவரைத் தேய்த்து முடிக்கும் ஹோனிங் கல் இழுத்த பின்னல் கோடுகள் பல இடங்களில் மறைந்து, சிலிண்டர் சுவர் பழுப்பேறிய கண்ணாடிபோல் மின்னியது.

ஏன் இப்படி ஆயிற்று என்பதை அதன் பிறகுதான் முறையாகத் தெரிந்துகொண்டேன். ஹோனிங் முடிந்த சுவர் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும், அதில் நுண்ணிய மேடுகளும் பள்ளங்களும் நிறைந்திருக்கின்றன. ரிங் அந்த மேடுகளின் நுனியை உரசி மழுக்க வேண்டும். பள்ளங்களில் ஆயில் தங்க வேண்டும். ரிங் செட் ஆவது என்று நாம் சொல்வது இந்த உரசலைத்தான். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து வெளிநோக்கித் தள்ளும் விசையே அதில் பெரும்பங்கு. ஐடிலிங்கில் அந்த விசை மிகக் குறைவு. அதனால் ரிங் சுவரின் மேல் நழுவுகிறதே ஒழிய அதைத் தேய்ப்பதில்லை. சுவரில் நின்ற ஆயில் வெப்பத்தில் கருகிப் படலமாகிப் பள்ளங்களை அடைத்துவிடுகிறது. ஒரு முறை மெருகு ஏறிவிட்டால் பிறகு எத்தனை கி.மீ. ஓட்டினாலும் ரிங் செட் ஆவது அரிது. மறுபடி ஹோனிங் செய்து புது ரிங் போடுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

இதில் ஆயிலின் பங்கு எவ்வளவு, ஐடிலிங்கின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாது. ஐடிலிங்கே பெரிய காரணம் என்பது என் கருத்து. ஆனால் எரிபொருள் சேமிப்புக் குறி போட்ட ஆயிலில் உராய்வைக் குறைப்பதற்கென்றே தனிச் சேர்மங்கள் கலந்திருக்கின்றன. முதல் சில மணி நேரத்தில் நமக்குத் தேவையான உரசலைத் தடுக்கும் பொருளை நாமே காசு கொடுத்து ஊற்றுவதில் பொருள் இல்லை.

இரண்டாம் முறை, வண்டியின் கையேட்டில் சொல்லியிருந்த 10டபிள்யூ-30 தடிமனிலேயே, சேமிப்புக் குறி இல்லாத சாதாரண மினரல் ஆயில் வாங்கினேன். கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணி 20டபிள்யூ-50க்குப் போகவில்லை. புது பேரிங்கின் இடைவெளி குறுகலாக இருக்கும்போது, குளிர்ந்த நிலையில் தடித்த ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். ஹோனிங் முடிந்த சிலிண்டரைப் பெட்ரோலில் துடைப்பதோடு விடாமல், சோப்பும் வெந்நீரும் கொண்டு பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஆயில் தோய்த்த வெள்ளைத் துணியில் கறுப்பு ஏறாத வரை துடைத்தேன். கல் துகள் மிச்சமிருந்தால் எந்த ஆயிலாலும் அந்த இன்ஜினைக் காப்பாற்ற முடியாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும் வரை ஸ்டார்ட்டரில் விட்டு விட்டுச் சுற்றிய பிறகே உயிர் கொடுத்தேன். கசிவு இருக்கிறதா, கூலன்ட்டில் காற்று அடைத்திருக்கிறதா என்று பார்த்த உடனேயே சாலைக்கு எடுத்து, மூன்றாம் கியரில் நடுத்தர வேகத்திலிருந்து நன்றாக மிதித்து வேகமெடுப்பது, பிறகு காலை எடுத்து கியரிலேயே வேகம் குறைய விடுவது என்று பத்துப் பன்னிரண்டு முறை செய்தேன். காலை எடுக்கும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் ஆயிலை மேலே இழுத்து, ரிங்கைக் குளிர்வித்துத் தேய்ந்த துகளையும் கழுவிக்கொண்டு வருகிறது.

முதல் ஆயிலை 50 கி.மீ.யிலேயே இறக்கிவிட்டேன். பார்க்கப் புதிதுபோல இருந்த ஆயிலை இறக்க மனம் வரவில்லைதான். ஆனால் வெயிலில் பிடித்துப் பார்த்தபோது அதில் வெள்ளித் தூள்போல மின்னியது.

இரண்டாம் பதிவு

தங்கள் பதிவைப் படித்து, முக்கியமான ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. என் வேனில் ரிங் அருமையாக செட் ஆயிற்று; போனது வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்.

அது புஷ் ராட் வைத்த, அதாவது கேம் கீழே இருந்து கம்பி வழியாக வால்வைத் தள்ளும் பழைய இன்ஜின். கேமின் மேல் உருளை இல்லாமல் அதன் அசைவை அந்தக் கம்பிக்குக் கடத்தும் தட்டை அடியுள்ள டேப்பெட் நேரடியாக உராயும் அமைப்பு. மினரல் ஆயில்தான், குறியும் இல்லை, தடிமனும் சரி. ஆனால் அது புதிய தரத்து ஆயில். சில நூறு கி.மீ.க்குள் டக் டக் என்ற சத்தம் தொடங்கியது. டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்தால் சில நாளில் மறுபடி அகன்றது. கழற்றியபோது கேமின் இரண்டு மேடுகள் உருண்டு தேய்ந்திருந்தன. டேப்பெட்டின் அடிப்பாகம் குழி விழுந்திருந்தது.

உலோகமும் உலோகமும் கடும் அழுத்தத்தில் உரசும் இத்தகைய இடத்தைக் காப்பது, ஜிங்கும் பாஸ்பரசும் சேர்ந்த இசட்டிடிபி என்னும் சேர்மம். பாஸ்பரஸ் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், 2004-இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்எம் தரத்திலிருந்து, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் பாஸ்பரசின் உச்ச அளவு 0.08 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. உருளை டேப்பெட் வைத்த இன்ஜினுக்கு இது போதும். தட்டை டேப்பெட்டும் புது கேமும் முதல் முறை உரசும் நேரத்துக்குப் போதாது என்பதை நான் விலை கொடுத்துக் கற்றேன். அடுத்த முறை, ரன்னிங்-இன் செய்வதற்கென்றே, அதாவது புதிதாகக் கட்டிய இன்ஜினை முதலில் ஓட்டிப் பழக்குவதற்கென்றே விற்கும், ஜிங்க் மிகுந்த ஆயிலை வாங்கி, கேமின் ஒவ்வொரு மேட்டிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவிக் கட்டினேன். சாதாரண ஆயிலில் தனியாக ஜிங்க் புட்டி வாங்கிக் கலக்கும் வழக்கமும் உண்டு. அளவு மிஞ்சினால் அதே சேர்மம் இரும்பை அரிக்கத் தொடங்கும் என்பதால் நான் அதைச் செய்யவில்லை.

நின்ற இடத்தில் ஓட விடாதீர்கள் என்று தாங்கள் சொன்னதற்கு இந்த வகை இன்ஜின் ஒரு விதிவிலக்கு. இதை ஸ்டார்ட் ஆனவுடன் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம் வரை ஏற்றி இறக்கி, இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். கேமுக்கு ஆயில் பெரும்பாலும் கீழே சுழலும் கிராங்க் தண்டு வீசியெறிந்துதான் சேர்கிறது. ஐடிலிங்கில் அந்த வீச்சு போதாது. டேப்பெட் தன் அச்சில் சுழன்றுகொண்டே தேய்வதற்கும் அந்த வேகம் உதவுகிறது. இருபது நிமிடம் முடிந்ததும் அணைத்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, அதன் பிறகு தாங்கள் சொன்னபடி சாலைக்கு எடுக்கலாம். பேஸ்ட் கரைந்து ஃபில்டரை அடைக்கும் என்பதால் அந்த மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

மூன்றாம் பதிவு

நான் ஓட்டுவது டர்போ டீசல் வேன். கையேட்டில் சொல்லியிருந்த 15டபிள்யூ-40, ஏபிஐ சிஐ-4 டீசல் ஆயிலையே முதலிலும் ஊற்றினேன். தனி ஆயில் எதுவும் தேடவில்லை, கெடுதலும் வரவில்லை. டீசலில் நிறத்தைப் பார்த்து எதுவும் முடிவு செய்ய முடியாது. ஊற்றிய அன்றே கறுத்துவிடும். டீசல் கலந்து டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) அளவு ஏறுகிறதா, டீசல் வாடை அடிக்கிறதா என்றுதான் நான் பார்த்தேன். முதல் வாரம் பாதிச் சுமை ஏற்றிப் பயணம் போனது இன்ஜினுக்கு நன்றாகவே உதவியது. முழுச் சுமையோடு நீண்ட ஏற்றத்தை மட்டும் தவிர்த்தேன். புகை வடிகட்டி வைத்த புதிய டீசல் வேன்களுக்கு, சாம்பல் குறைந்த ஆயில் என்று கையேடு சொன்னால் ரன்னிங்-இன் காலத்திலும் அதை மீற வேண்டாம்.

ஒரு கேள்வி மட்டும். பல புதிய வண்டிகள் தொழிற்சாலையிலிருந்தே சிந்தெடிக் ஆயிலோடுதானே வருகின்றன? அவற்றில் ரிங் செட் ஆகும்போது நம்முடையதில் மட்டும் ஏன் ஆகாது?

முதல் பதிவாளரின் மறுமொழி

தங்கள் கேள்வி நியாயமானது. சிந்தெடிக் என்பதாலேயே ரிங் செட் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். தொழிற்சாலையில் சிலிண்டர் சுவரின் மேடுகளை முன்கூட்டியே மழுக்கி, பள்ளங்களை மட்டும் விட்டுவைக்கும் நுண்ணிய ஹோனிங் செய்கிறார்கள். ரிங்குக்கு அங்கே மிஞ்சும் வேலை கொஞ்சம்தான். நாம் கட்டும் இன்ஜினில் சுவரின் சொரசொரப்பு லேத்காரரின் கல்லையும் கையையும் பொறுத்தது. ரிங்கின் வகையும் கணக்கில் வரும்: வார்ப்பிரும்பு ரிங்கும் மாலிப்டினம் பூசிய ரிங்கும் விரைவில் செட் ஆகும், குரோம் ரிங் காலம் எடுக்கும். என்னுடையது குரோம். ஆகவே ஆயில் வாங்குவதற்கு முன் ரிங் பெட்டியின் மேல் எழுதியிருப்பதையும், கேம் எந்த வகை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரிங் தயாரித்தவர் குறிப்பிட்ட ஆயிலைச் சொல்லியிருந்தால் நம் எல்லோர் கருத்தையும்விட அதுவே மேல்.

கேம் பற்றி எழுதியவருக்கு என் நன்றி. என் இன்ஜினில் கேம் மேலே இருப்பதால், அந்த விவரம் தெரியாமல் பொதுவாக எழுதியிருந்தேன்; தட்டை டேப்பெட் வைத்திருப்பவர்கள் அவருடைய முறையையே பின்பற்றட்டும்.

50 கி.மீ.யில் ஒரு முறை, 500-இல் ஒரு முறை, 1,500-இல் ஒரு முறை மாற்றினேன். மூன்று ஃபில்டர்களையும் அறுத்து, மடிப்புத் தாளை விரித்துப் பார்த்தேன். முதலாவதில் காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தூள் நிறைய இருந்தது; இரண்டாவதில் தேடினால்தான் தெரிந்தது; செம்பு நிறத் துகள் எதிலும் இல்லாததால் பேரிங் நலமாக இருக்கிறது என்று நிம்மதியடைந்தேன். 5,000 கி.மீ. வரை மினரல் ஆயிலிலேயே வைத்திருந்து, ஆயில் குறைவது நின்றதை உறுதி செய்த பிறகே சிந்தெடிக்குக்கு மாறினேன். இப்போது 22,000 கி.மீ. ஆகிறது. ஓர் ஆயில் மாற்றத்திலிருந்து அடுத்ததுவரை, டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டிலிருந்து ஒரு விரல் நகத்தின் அகலம்தான் இறங்குகிறது.