சுலோவாக்கியக் கிராம மாதிரி: கோலம் போட்ட வீடா, நீல வீடா?

உப்புவெளி_டீச்சர்:
பாடசாலைக் கண்காட்சிக்குப் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் சுலோவாக்கியாவின் யுனெஸ்கோ கிராமத்தை 1:50 அளவில் செய்கிறார்கள். கறுத்த மரச்சுவரில் வெள்ளைக் கோலம் போட்ட படம்தான் கையில் இருக்கு. ஆனால் வில்கொலீனெட்ஸ் என்று தேடினால் வெள்ளை, நீல வீடுகள் வருகுது. எது சரி? குச்சிச் சுவரில் பூசின களியும் காய்ந்ததும் தகடு தகடாய்க் கழருது.

மூதூரான்:
டீச்சர், அது இரண்டு வேறு ஊர். கோலம் போட்டது சிச்மானி. 1921 தீயில் பெரும்பகுதி எரிந்து, துஷான் யுர்கோவிச் என்ற கட்டடக் கலைஞரின் பங்களிப்போடு திரும்ப எழும்பினது. யுனெஸ்கோ பட்டியலில் அது இல்லை. 1993 இல் பட்டியலேறினது வில்கொலீனெட்ஸ். சிதொரோவோ மலைச்சரிவில், 718 மீற்றர் உயரத்தில் இருக்கு. 1376 ஆவணத்திலேயே பெயர் வருகுது. 'வில்க்' என்றால் ஓநாய். 1882 முதல் ருஜொம்பெரொக் நகரத்தின் பகுதி. 1918 வரை அந்தப் பக்கம் ஹங்கேரி இராச்சியம். பழைய காலத்தைக் காட்டுவதென்றால் இன்றைய கொடியைக் குத்திப்போடாதேங்கோ.

கிடுகுவேலி:
தளத்தைச் சரிவாய் அமையுங்கோ, மட்டமாய் வைத்தால் ஊரே பிழைச்சுப் போகும். தெருவோடு ஓடும் சின்ன நீரோடையை விட்டுவிடாதேங்கோ. வீடுகள் குறுகின பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி நிற்கும். முற்றம் பின்னுக்கு நீளும், கடைசியில் களஞ்சியம். 1770 இல் கட்டின மர மணிக்கூண்டும் 1860 இல் கட்டின மரக் கிணறும் கட்டாயம். கூரை எங்கட கிடுகுபோலப் படுக்காது, பனி வழுக்கிவிழச் செங்குத்தாய் நிற்கும். ஐஸ்கிரீம் குச்சியை மெல்லிதாய்ச் சீவி, கீழ் வரிசையில் தொடங்கி மேலே ஒட்டுங்கோ. மேலிருந்து தொடங்கினால் தண்ணி உள்ளே போகிற கூரைதான் வரும், பார்த்தவுடன் தெரியும்.

சுண்ணாம்புக்கட்டி:
களி கழருவதற்கு இரண்டு காரணம்: தனிக்களி காயும்போது சுருங்கும், வழுவழுப்பான குச்சியில் பிடிப்பும் இல்லை. 5 மில்லிமீற்றர் குச்சியை (நிஜத்தில் 25 சென்ரிமீற்றர் மரம்) சாண்ட் பேப்பரால் உரசுங்கோ. களி 1 பங்கு, அரித்த மணல் 2 பங்கு, பொடியாய் வெட்டின தும்பு ஒரு பிடி. 2 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பு வேண்டாம். நிழலில் 2 நாள் காயட்டும். வெயிலில் வைத்தால் அன்றைக்கே வெடிக்கும். பிறகு தண்ணிச் சுண்ணாம்பு இரண்டு தரம். நீல வீட்டுக்கு அதிலேயே உடுப்புக்குப் போடும் நீலம் துளி துளியாய். ஈரத்தில் கடுமையாய்த் தெரியும், காய்ந்தால் வெளிறும். அட்டையில் ஒருக்கால் பூசிப் பாருங்கோ. அடியில் கல் அத்திவாரம் தெரியவேணும், இல்லாட்டி நிலத்து ஈரத்தில் அடிமரம் உக்கிவிடும் என்று பிள்ளைகள் விளக்கலாம்.

உப்புவெளி_டீச்சர்:
தேவாலயமும் மரமா?

மூதூரான்:
இல்லை, அது 1875 இல் கட்டின கற்கட்டடம். அதைக் குச்சியால் அடுக்காதேங்கோ, அட்டைப்பெட்டியே காணும்.