பாரிஸிலிருந்து வோ-லெ-விகோம்த்: கார் இல்லாமல், முழங்கால் வலியோடு?

கேள்வி:
ஜூனில் பாரிஸில் 4 நாள். ஒரு நாளை வோ-லெ-விகோம்த் அரண்மனைக்கு ஒதுக்கலாமா, இல்லை வெர்சாய் போதுமா? கார் கிடையாது. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. தோட்டம் எவ்வளவு நடக்கணும்?

பதில் 1:
பாரிஸின் கார் த லெஸ்ட் (Gare de l'Est) ரயில் நிலையத்தில் P லைன் ரயில் பிடித்து வெர்னோய்-லெத்தாங்கில் இறங்குங்கள், அரை மணிக்குக் கொஞ்சம் கூட. அங்கிருந்து அரண்மனைக்கு ஷட்டில் பஸ். குறிப்பிட்ட ரயில்களுக்குத்தான் அது வரும், ஆகவே திரும்பும் நேரத்தையும் முதலிலேயே பார்த்து வையுங்கள். மெலன் ஊர் வழியாகவும் ரயிலில் போகலாம், அங்கிருந்து டாக்ஸிக்கு ஆறேழு கிலோமீட்டர்தான். ஆனால் திரும்ப டாக்ஸி வாசலில் நிற்காது, சொல்லி வைக்கணும்.

பதில் 2:
தோட்டத்தில் ஏமாறுவது தூரத்தில்தான். மாளிகைப் படியில் நின்றால் சதுரக் குளத்தை ஒட்டியே குகைச் சுவர் இருப்பதுபோல் தெரியும். கிட்டே போனால் தரை சரிந்து, குறுக்கே கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர் நீளக் கால்வாய்! படியிலிருந்து அது கண்ணில் படாது. தள்ளியிருப்பவற்றைப் பெரிதாக அமைத்து, தூரத்தைச் சுருக்கிக் காட்டியிருக்கிறார் தோட்டத்தை வடிவமைத்த லெ நோத்ர். கால்வாய் முனையைச் சுற்றித்தான் எதிர்மேட்டு ஹெர்குலிஸ் சிலைக்கு ஏறணும். போய்வர ஒன்றரை மணி நேரம் வையுங்கள், வழியெல்லாம் சரளைக்கல். அம்மாவுக்கு வாடகை பேட்டரி வண்டிதான் சரி. காற்றில்லாத நாளில் சதுரக் குளத்தின் அந்தக் கரையில் நின்று திரும்பிப் பாருங்கள், மாளிகை முழுசாகத் தண்ணீரில் இறங்கியிருக்கும்.

பதில் 3:
பழைய படங்களில் வரும் பச்சைப் பூவேலைப் பாத்திகளைத் தேடாதீர்கள். பாத்தியில் வெட்டி வளர்த்த பாக்ஸ் என்ற புதர்ச்செடிகளை நோயும் கம்பளிப்புழுவும் தின்று தீர்த்ததால் 2019-இல் பிடுங்கிவிட்டு, அங்கே அலுமினிய ரிப்பன்களை வைத்தார்கள்.

உள்ளே முட்டைவடிவப் பெரிய கூடத்தில் அண்ணாந்து பாருங்கள். ஓவியர் லெ ப்ரன் தீட்டவிருந்த ஓவியம் அங்கே இல்லை. 1661 ஆகஸ்ட் 17 அன்று, இந்த அரண்மனையைக் கட்டிய நிதி அமைச்சர் ஃபூக்கே இங்கே ராஜா 14ஆம் லூயிக்கு விருந்து வைத்தார். செப்டம்பர் 5 அன்று அதே ராஜாவின் உத்தரவில் கைதானார், வேலை அத்தோடு நின்றது. வெர்சாய்க்கு ராஜா கூட்டிப்போனதும் இதே ஆட்களைத்தான்: கட்டடக் கலைஞர் லெ வோ, லெ ப்ரன், லெ நோத்ர். கூட்டம் பிடிக்காதென்றால் வோ-லெ-விகோம்த். ஒரே ஒரு அரண்மனைதான் என்றாலும் என் ஓட்டு இதற்கே.

கோபுர உச்சிக்கு நீங்கள் மட்டும் ஏறுங்கள், படிகள் குறுகல். கோடைச் சனிக்கிழமை இரவுகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அன்று கடைசி ஷட்டில் எப்போது என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.